மேடும் நானும்

சோழவரம் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு ஏரி ஞாபகத்துக்கு வரும். சென்னைப் பட்டணத்தின் தாகத்தைத் தீர்க்கிற ஏரிகளில் அதுவும் ஒன்று. சற்று வயதானவர்களாக இருந்தால் மோட்டார் பந்தயம் ஞாபகத்துக்கு வரும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளத்தில், 1950-களிலிருந்து 1980-களின் கடைசி வரையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறந்தன. பத்து வயதுப் பையனாக இருந்தபோது நைனாவின் தோள்மேல் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதைவிடப் புழுதியை விழுங்கினேன் என்று சொல்வதுதான் பொருத்தம். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் திடல் வந்தது. எங்கள் ஊர் சத்தம் அடங்கிவிட்டது.

இதையெல்லாம் எதற்காகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். விமானம் இறங்குவதற்கு இடம் பார்த்தவர்கள் எங்கள் ஊரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள் என்றால், அது எப்பேர்ப்பட்ட சமதரை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மேடு என்று மரியாதையாகச் சொல்லத்தக்கவை எங்களுக்கு இரண்டே இரண்டுதான். ஒன்று ஏரிக்கரை. மற்றொன்று, வடக்கே கொசஸ்தலையாற்றின் குறுக்கே இருக்கும் காரனோடைப் பாலம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நான், நாற்பத்தைந்தாம் வயதில், மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஒரு தீவில் 180 கிலோமீட்டர் சைக்கிள் விடக் கிளம்பினேன். அதுவும் கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்திவிட்டு! சைக்கிளை வைத்துவிட்டு அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓடவும் வேண்டும். எல்லாம் ஒரே நாளில், பதினேழு மணி நேரத்துக்குள்.

"இப்படியும் ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டா?" என்றுதானே கேட்கிறீர்கள்? உண்டு. அதற்கு நெடுந்தூர டிரையத்லான் என்று பெயர். பிரசித்தமான பெயர் 'அயர்ன்மேன்'. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். "நாளெல்லாம் இரும்போட இருக்கிறது போதாதா? நீங்களும் இரும்பாகணுமா?" என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பைத்தியம் பிறந்த கதை சுவையானது. 1978-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ஆம் தேதி, ஹவாயில் ஓவாஹு தீவில் அது ஆரம்பமாயிற்று. நீந்துகிறவன் வல்லவனா, சைக்கிள்காரன் வல்லவனா, ஓடுகிறவன் வல்லவனா என்று விவாதம் வந்ததாம். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, "மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிடலாமே!" என்றார். பதினைந்து பேர் கிளம்பினார்கள். பன்னிரண்டு பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிஷம் 58 விநாடி எடுத்துக்கொண்டார். இரண்டாவதாக வந்தவருக்குத் தண்ணீர் தீர்ந்துபோய், கூட வந்த சிநேகிதர்கள் பீர் கொடுத்தார்களாம். நீங்கள் அதை முயற்சி செய்ய வேண்டாம்.

எனக்கு இந்த வழி எப்படித் திறந்தது என்றால், சர்க்கரையால் திறந்தது. நாற்பது வயதில் ஆலையில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். "இன்னும் வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது" என்றார் டாக்டர். நடக்கச் சொன்னார். நடந்தேன், முழங்கால் வலித்தது. சைக்கிள் வாங்கினேன், வலி போயிற்று, ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி வரை, அடுத்த ஞாயிறு பழவேற்காடு வரை, அப்புறம் சூலூர்பேட்டை வரை. ஆசை என்பது கடன்காரனைப் போல, ஒரு தடவை வாசலில் சேரைப் போட்டுவிட்டால் எழுந்து போகாது. நீச்சலை முறையாகக் கற்றுக்கொண்டேன். ஏரியில் இறங்க முடியாது; அது குடிதண்ணீர். ஆகவே விடியற்காலையில் சென்னைக்குப் போய், குளத்தில் எட்டு வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து கற்றேன். அவர்கள் எனக்கு முன்னால் தேறிவிட்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

2022 நவம்பரில் மலேசியாவில் லங்காவித் தீவுக்குப் போனேன். மாடியில் ஓர் அறை கட்டுவதற்காக வைத்திருந்த சீட்டுப் பணம், பந்தயக் கட்டணமாகவும் விமானச் சீட்டாகவும் மாறிப் பறந்துபோயிற்று. சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பெட்டியில் அடைத்து எடுத்துப் போனேன். அது இரண்டாம் கையாக வாங்கிய பந்தய சைக்கிள். வாட்டசாட்டமான சைக்கிள்! அதன் பல் சக்கரங்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அதில்தான் என் தலையெழுத்து இருந்தது.

நீச்சல் ஒரு மணி 38 நிமிஷத்தில் முடிந்தது. சைக்கிளில் ஏறினேன். சோழவரத்துக்காரனுக்குச் சமதரையில் என்ன பயம்? நன்றாகவே போனேன். பிறகு மேடு வந்தது. பெரிய மலை அல்ல. நம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பக்கத்தில் வைத்தால் குட்டிப் பிள்ளை. ஆனால் ஏறி முடித்து மூச்சு விடுவதற்குள் இறக்கம், இறங்கி முடித்ததும் இன்னொரு ஏற்றம். ரப்பர் மரங்கள், நெல் வயல், சாலையோரத்தில் குரங்குகள், தலைக்குமேல் நம் சித்திரை மாதத்து வெயிலும் புழுக்கமும். முதல் மேட்டில் ஒருவர் என்னைத் தாண்டினார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று மிதித்து அவரைத் தாண்டினேன். அடுத்த மேட்டில் வேறொருவர். அவரையும் தாண்டினேன். இப்படியே ஒவ்வொரு மேட்டையும், கபடியில் எதிர்க் கட்சிக்காரனை அமுக்குகிற மாதிரி அமுக்கிக்கொண்டே போனேன். 180 கிலோமீட்டரை 6 மணி 52 நிமிஷத்தில் முடித்து இறங்கியபோது, மார்பு விரிந்து சட்டை போதவில்லை.

ஓட ஆரம்பித்தேன். முதல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். பிறகு ஓட்டம் மாதிரி ஏதோ ஒன்று. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தொடைச் சதை கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கிக்கொண்டது. குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. நடந்தேன். தள்ளாடினேன். இருபத்து நாலாவது கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை. மருத்துவக் கூடாரத்துக்கு என்னைத் தூக்கிப் போனது பாதிதான் நினைவிருக்கிறது.

தோற்றது பெரிதில்லை, ஐயா. இந்தப் பந்தயத்தில் ஒவ்வொருவர் கணுக்காலிலும் ஒரு சின்னக் கருவி கட்டுவார்கள். உலகத்தில் எங்கிருந்தும் கைப்பேசியில் நாம் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். படத்தில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். சோழவரத்தில் என் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி. என் கைப்பேசியோ நான் தங்கியிருந்த அறையில். மூன்று மணி நேரம் கழித்து நான் பேசுகிற வரையில், அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பத்தாவது படிக்கும் என் மகள், "அப்பா, புள்ளி ஏன்ப்பா நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

ஊர் திரும்பினேன். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பதினோரு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பன்னிரண்டாவது நாள் நைனா கூப்பிட்டார். அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். என் நைனா பால்காரர். ஆற்றுக்கு வடக்கே உள்ள கிராமங்களில் விடியுமுன் பால் வாங்கி, இரண்டு கேன்களில் நாற்பது லிட்டரை ஹெர்குலிஸ் சைக்கிளில் தொங்கவிட்டு, காரனோடைப் பாலம் ஏறி, சோழவரம் தாண்டி, செங்குன்றத்தில் வீடு வீடாக ஊற்றுவார். அம்பத்தூரில் தயாரான சைக்கிள் அது. யானை மாதிரி கனம். நைனாவும் சைக்கிளும் பாலும் சேர்ந்தால் நூற்றுப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. கியர் என்ற பேச்சே கிடையாது. முப்பது வருஷம் இதே தொழில். இப்போது கண் பார்வை மங்கித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னாடா ஆச்சு? முதல்லேருந்து சொல்லு" என்றார்.

சொன்னேன். மேட்டில் எத்தனை பேரைத் தாண்டினேன் என்பதைச் சற்று அழுத்தியே சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"மேட்டு உச்சில போய் நின்னப்போ உன்னால பேச முடிஞ்சுதா?"

"பேசவா? மூச்சே வரலை, நைனா."

"அதான் பாலைக் கொட்டிட்டே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் பாலத்துல ஏறச்சே மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே இறங்கிடுவேன். மூச்சு போனப்புறம் இறங்கினா, கை நடுங்கும், வண்டி சாயும், பால் போயிடும். பசங்க சிரிப்பானுங்கோ. சிரிக்கட்டுமே! பாலம் ஏறினதுக்காடா துட்டு குடுக்கிறான்? செங்குன்றத்துல நாப்பது வூட்டுக்கு ஊத்தணும். அதுக்குக் கால் வேணும்."

வாசகர்களே, சைக்கிள் பயிற்சியைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. நானும் பிறகு சிலவற்றைப் படித்தேன். அத்தனையும் நைனா திண்ணையில் சொன்னதற்கு விருத்தியுரைதான். சமதரையில் நாம் காற்றோடு சண்டை போடுகிறோம். மேட்டில் வேகம் குறைந்துவிடுவதால் காற்று நம்மை விட்டுவிடுகிறது. நம் எடையோடுதான் சண்டை. நூறு அடிக்கு ஆறு அடி உயரும் பாதையில், 84 கிலோ - அதாவது என்னையும் சைக்கிளையும் சேர்த்து - மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால், சமதரையில் நான் மணிக்கு 28 போவதற்கு வேண்டிய உழைப்பு வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால்? உழைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மிச்சமாவதோ, ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு நிமிஷம்கூட அல்ல; ஒரு நிமிஷம் நாற்பது விநாடிதான். அந்த ஒரு நிமிஷம் நாற்பது விநாடிக்காக, ராத்திரி ஓட்டத்துக்கென்று தசையில் சேர்த்து வைத்த சத்தை எரித்துவிடுகிறோம். சற்றே கூடுதலாக மிதிக்கலாம், தப்பில்லை. சற்றே என்பதற்குத்தான் என் அகராதியில் அர்த்தம் சரியாக இல்லை.

இனிப் பல் சக்கரங்களுக்கு வருகிறேன். என் சைக்கிளின் முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தில் 39 பல். பின்பக்கத்துப் பெரிய சக்கரத்தில் 25. பந்தயம் முடிந்த பிறகுதான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஆறு சத மேட்டில் 9 கிலோமீட்டர் வேகத்தில் போனால், கால் நிமிஷத்துக்கு நாற்பத்தாறு தடவைதான் சுற்றும். அது மிதிப்பதல்ல, செக்கு இழுப்பது. உட்கார்ந்து இழுக்க முடியாமல்தான் ஒவ்வொரு மேட்டிலும் எழுந்து நின்றிருக்கிறேன்! முன்பக்கம் 34 பல், பின்பக்கம் 32 பல் என்று மாற்றினேன். அதே மேடு, அதே வேகம். கால் அறுபத்தேழு தடவை சுற்றுகிறது. செலவு, மாடி அறையின் ஒரு ஜன்னல். "சமதரைக்காரனுக்கு இவ்வளவு சின்ன கியர் எதுக்கு, ஸார்?" என்று கடைப் பையன் கேலி செய்தான். நைனாவின் 'பசங்க சிரிப்பானுங்கோ' காதில் கேட்டது.

நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றும் வாங்கினேன். இதயத் துடிப்பைக் காட்டும். சமதரையில் 132, மேட்டில் எக்காரணம் கொண்டும் 145-க்குமேல் போகக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். இது என் உடம்புக்கு உள்ள கணக்கு; உங்களுக்கு வேறாக இருக்கும். பட்டை இல்லாதவர்கள் நைனாவின் முறையைக் கையாளலாம்: மேட்டில் பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள்.

மேடு இல்லாத ஊரில் மேட்டுக்குப் பழகுவது எப்படி? காற்று இருக்கிறதே! பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில், பகல் ஏற ஏறக் கடற்காற்று முகத்தில் வந்து மோதும். கனமான கியரில் உட்கார்ந்தபடியே அதை எதிர்த்து மெள்ள மிதித்துப் போவேன். சமதரைக்காரனுக்குக் கடவுள் கொடுத்த மலை காற்றுதான் என்பது என் அபிப்பிராயம். அதற்கு உச்சியும் கிடையாது, இறக்கமும் கிடையாது என்பது ஒன்றுதான் குறை. மற்ற நாட்களில் காரனோடைப் பாலம். விடியற்காலை நான்கரை மணிக்கு, லாரிகள் குறைந்த நேரத்தில், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இருபது தடவை. பாலத்தடி டீக்கடைக்காரர் மூன்றாவது நாள், "ஏதாவது தொலைச்சுட்டீங்களா, சார்?" என்று கேட்டார்.

மாதத்தில் ஒரு தடவை இரண்டு சிநேகிதர்களோடு வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போவேன். அங்கே ஒரு வேடிக்கை. மலையடிவார ஊருக்கும் பொன்னேரி என்றே பெயர்! முதல் தடவை பெயர்ப் பலகையைப் பார்த்து, பிறந்த மண்ணுக்கே திரும்பிவிட்டோமோ என்று மயங்கினேன். ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு எழுபதாம், அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. ஏலகிரி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். பரிசில் பெறப் போகிற பாணனைப் போல நானும் ஒவ்வொரு வள்ளலாகப் பார்த்துக்கொண்டு ஏறினேன். பாரியிடம் வரும்போது எனக்குத் தேர்கூட வேண்டியதில்லை, ஒரு கட்டைவண்டி கொடுத்தால் போதும் என்றிருந்தது.

ஏலகிரியில் கற்றது ஏற்றத்தைவிட இறக்கம். ஏறுவதற்குப் பயந்தவன் நான். ஆனால் ஆளை விழுத்துவது இறக்கம்தான். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. நுழையுமுன் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கத்துக் கால் கீழே இருக்க வேண்டும், உடம்பின் பாரம் அதன்மேல். கண், பள்ளத்தைப் பார்க்காமல், போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். இதை ஒரு வளைவில் முள்வேலியைப் பார்த்துக்கொண்டே போய் நிரூபித்திருக்கிறேன். இன்னொன்று: ஏறும்போது தின்னக் கூடாது. மூச்சுக்கும் சோற்றுக்கும் ஒரே நேரத்தில் வாய் போதாது. உச்சி தாண்டிச் சமதரை வந்ததும் தின்ன வேண்டும். மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து என்று கணக்கு. வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்டுப் பிடித்த சோற்று உருண்டை. உருண்டை என் மனைவியின் யோசனை. ஆமாம், அதற்குள் பேச ஆரம்பித்திருந்தாள்.

2023-ல் உலகச் சாம்பியன் பந்தயத்தையே - ஆண்களுக்கு - ஹவாயிலிருந்து பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரத்துக்கு மாற்றினார்கள். அங்கே சைக்கிள் பாதையில் மொத்த ஏற்றம் சுமார் 2,400 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து உதகமண்டலம் வரை ஏறி, அதற்குமேலும் கொஞ்சம் ஏறுகிற கணக்கு! இருபத்து நாலு வயது பிரெஞ்சுப் பையன் ஸாம் லைட்லோ ஜயித்தான். அவனெல்லாம் மலை ஆடு. நாம் பால் வண்டி. அந்த ராத்திரி பார்த்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது அவன் மிதித்ததல்ல. அவ்வளவு பெரிய வீரர்களும் செங்குத்தான இடங்களில் சின்ன கியரில், சாதுவாக உட்கார்ந்தபடி காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று தோன்றியது.

2024-ல் மறுபடியும் லங்காவிக்குப் பெயர் கொடுக்க வேண்டும். எப்படிக் கேட்பது? சாப்பிடும்போது கேட்டேன். மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே, "போங்க. ஆனா அந்தப் புள்ளி நிக்கக் கூடாது. மெதுவாப் போகட்டும், ஊர்ந்து போகட்டும். நிக்கக் கூடாது" என்றாள். மாடி அறையைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

நவம்பர் மாதம். அதே கடல், அதே வெயில். நீச்சல் ஒரு மணி 35 நிமிஷம். சைக்கிளில் ஏறினேன். முதல் மேட்டில் ஒருவர் தாண்டினார். இரண்டாவதில் நாலு பேர். மூன்றாவதில் எண்ணுவதை விட்டுவிட்டேன். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஜப்பானிய அம்மாள் ஒருவர் தலையசைத்துவிட்டுப் போனார். கால் துடிக்கிறது, எழுந்து நில், எழுந்து நில் என்று. நெஞ்சுப் பட்டை 144 காட்டுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷப் பயிற்சியில் மிகக் கஷ்டமானது, அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்ததுதான்.

நூற்றுப் பத்தாவது கிலோமீட்டருக்குமேல் ஒரு செங்குத்தான இடம். சின்ன கியரிலும் கால் சுற்று ஐம்பதுக்குக் கீழே போயிற்று. துடிப்பு 147. இன்னும் அறுபது கஜம் இருக்கும். மிதித்திருந்தால் ஏறியிருப்பேன், அதில் சந்தேகமில்லை. இறங்கினேன். ஆமாம், ஆயிரக்கணக்கான ரூபாய் போட்டு, கடல் தாண்டி வந்து, பந்தய உடுப்பும் பளபளக்கும் தலைக்கவசமுமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். விதிப்படி அது குற்றமில்லை. ஆனால் சாலையோரத்தில் கைதட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விதியைப் பற்றி என்ன தெரியும்? கைதட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு பையன் ஓடி வந்து பின்னாலிருந்து தள்ளப் பார்த்தான். யாராவது தொட்டு உதவினால் விதிக்கு விரோதமாயிற்றே! "வேண்டாம் தம்பி, வேண்டாம்!" என்று தமிழிலேயே அலறினேன். அவன் சிரித்துக்கொண்டே விலகினான்.

சென்னையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைத் தாண்டும்போது, "என்ன அங்கிள், பஞ்சரா?" என்றார். "இல்லை தம்பி, பால் வண்டி" என்றேன். அவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, பாவம் என்று என்னைப் பற்றி நினைத்திருப்பார். கதைகளில் வருவதுபோல ஓட்டத்தில் அந்த இளைஞரை நான் முந்தியிருப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்களோ? அதெல்லாம் இல்லை. அவர் எனக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே முடித்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, என்னை வரவேற்க வந்து நின்றார்.

அப்படி மூன்று இடங்களில் இறங்கினேன். சைக்கிள் 7 மணி 25 நிமிஷம். முந்தின தடவையைவிட முப்பத்து மூன்று நிமிஷம் கூட. ஓட்டத்துக்குச் செருப்பு மாற்றும்போது தொடையைத் தடவிப் பார்த்தேன். வலி இருந்தது, முறுக்கு இல்லை. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. சாயங்காலம் ஒரு மழை பிடித்துக்கொண்டது. இருட்டிய பிறகு இருபத்து நாலாவது கிலோமீட்டர் வந்தது. அந்த இடம் எனக்கு அடையாளம் தெரிந்தது. தெருவிளக்குக் கம்பத்துக்குக் கீழே அதே நடைபாதைக் கல். அங்கே வேகத்தை மட்டும் குறைக்காமல் போனேன். வீட்டில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே!

பதினைந்து மணி பன்னிரண்டு நிமிஷத்தில் கோட்டைத் தாண்டினேன். அந்தத் தடவை கைப்பேசியைத் துணிப் பையில் வைத்து, முடிவிடத்திலேயே ஒப்படைத்திருந்தேன். முதல் காரியமாக வீட்டைக் கூப்பிட்டேன். மகள் எடுத்தாள், கத்தினாள், அழுதாள், ஒன்றும் புரியவில்லை. இருபத்து நாலாவது கிலோமீட்டரில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். பிறகு நைனா பேசினார். அங்கே ராத்திரி எட்டு மணி. வழக்கமாக அவர் தூங்குகிற நேரம்.

"எத்தினி தபா இறங்கினே?"

"மூணு தபா, நைனா."

"சிரிச்சானுங்களா?"

"சிரிச்சாங்க."

"சரி" என்றார். கைப்பேசியை யாரிடமோ நீட்டுகிற ஓசை கேட்டது. பிறகு மனைவியின் குரல்.

"சோத்து உருண்டை மீதி இருக்கா, எல்லாம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு மீதி இருந்தன. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அவற்றைத் தின்றேன்.